சீடி 125-க்கு எல்இடி சிக்னல் போட்ட பிறகு நாலும் சேர்ந்து அடிக்குது

கொட்டகலை_சீடி எழுதியது:

அண்ணன்மாருக்கு வணக்கம். வண்டி ஹொண்டா சீடி 125, 12 வோல்ட். பின் மட்கார்டை வெட்டி, சிங்கிள் சீட் போட்டு, பழைய பெரிய சிக்னல் நாலையும் கழட்டியாச்சு. இப்ப இருக்கிறது சின்ன எல்இடி சிக்னல். ஒவ்வொன்றிலும் ரெண்டு வயர், கறுப்பும் மஞ்சளும். மீட்டரையும் மாத்தி சின்ன வட்ட மீட்டர் ஒன்று போட்டிருக்கு. அதில சிக்னலுக்கு ஒரே ஒரு பல்ப்தான், 3.4 வாட். மெயின் ஹார்னஸில, அதாவது வண்டியோட வந்த வயர் கட்டில, கை வைக்கல. ஒரேஞ்ச், லைட் ப்ளூ, சாம்பல், கறுப்பு, பச்சை எல்லாம் கம்பெனி வயர்தான்.

பழைய ரெண்டு கால் பிளாஷரோட (சிக்னலை விட்டு விட்டு அடிக்க வைக்கிற சின்னப் பெட்டி) போட்டுப் பார்த்தேன். லைட் பத்தினது, ஆனா அடிக்கல, அப்படியே நின்று எரிஞ்சது. பிறகு எல்இடிக்கு என்று விற்கிற ரெண்டு கால் பிளாஷர் வாங்கிப் போட்டேன். இப்ப அடிக்குது, ஆனா இடது போட்டா நாலும் அடிக்குது. இடது ரெண்டும் நல்ல வெளிச்சம், வலது ரெண்டும் கொஞ்சம் மங்கல். வலது போட்டா அப்படியே தலைகீழ். மீட்டர் பல்ப் பத்துற மாதிரியே இல்ல. கையால மறைச்சுப் பார்த்தா உள்ளுக்க இழை சிவந்திருக்கிறது மட்டும் தெரியுது.

மீட்டர் பல்புக்கு ஒரு வயர் இடது சிக்னலின் ஒரேஞ்சுக்கும் மற்றது வலது சிக்னலின் லைட் ப்ளூவுக்கும் கொடுத்திருக்கேன். கம்பெனிக்காரன் கொடுத்திருந்ததும் அப்படித்தான். கடையில கேட்டா சுவிச் போயிட்டுது, சுவிச் செட்டை மாத்து என்கிறாங்க. உண்மையா? இந்தப் பக்கம் பனி விழுந்தா பின்னால வாறவனுக்கு நான் எந்தப் பக்கம் திரும்புறேன் என்றே தெரியாது. சீக்கிரம் சரி பண்ணணும்.

வயர்கட்டு எழுதியது:

சுவிச்சை மாத்தாதீங்க தம்பி, காசு வீண். பதில் உங்க கேள்வியிலேயே இருக்கு. மீட்டர் பல்ப் ஒரேஞ்சுக்கும் லைட் ப்ளூவுக்கும் நடுவில நிக்குது. கோளாறு அதுதான்.

முதல்ல இதைச் செய்து பாருங்க. மீட்டர் பல்பின் ரெண்டு வயரில ஒன்றை மட்டும் கழட்டி, நுனியில டேப் சுத்திவிட்டு, இடது போடுங்க. இடது மட்டும் அடிச்சா நான் சொல்றது சரி. கழட்டின பிறகும் நாலும் அடிச்சா ஒரேஞ்சும் லைட் ப்ளூவும் வேற எங்கயோ ஒட்டியிருக்கு. அது வேற கதை. ஆனா நீங்க 'மற்றப் பக்கம் மங்கல்' என்று சொல்றதைப் பார்த்தா நேரா ஒட்டினது இல்ல. நேரா ஒட்டியிருந்தா நாலும் ஒரே வெளிச்சம் காட்டும்.

கம்பெனிக்காரன் கொடுத்த முறை பழைய பல்புக்குச் சரி, எல்இடிக்குச் சரிவராது. ஏன் என்று கேளுங்க. இடது போட்டா ஒரேஞ்சில 12 வோல்ட் வருது. அது மீட்டர் பல்புக்குள்ளால போய் லைட் ப்ளூவுக்கு ஏறி, வலது பக்க ரெண்டு பல்புக்குள்ளால எர்த்துக்கு, அதாவது பெட்டரி மைனஸுக்கு, இறங்குது. 3.4 வாட் பல்புக்குள்ளால போறது கூடினா 0.28 அம்பியர். 10 வாட் பல்ப் ஒன்று எரிய 0.83 அம்பியர் வேணும். அந்த 0.28-ஐ வலது பக்கம் ரெண்டு பேர் பங்கு போட்டா ஆளுக்கு 0.14 தான். இழை சூடேறக் காணாது. எரியாத பல்பின் இழை குளிர்ந்திருக்கிறதால அதன் எதிர்ப்பும் ஒன்றிரண்டு ஓம்தான். அதனால மீட்டர் பல்புக்கு அது கிட்டத்தட்ட நல்ல எர்த். மீட்டர் பல்ப் மட்டும் எரியும், வலது பக்கம் கறுப்பாவே நிற்கும். ஒரே பல்பை வச்சு ரெண்டு பக்கத்துக்கும் வேலை வாங்குற கெட்டித்தனம் அது.

இப்ப எல்இடியைப் பாருங்க. ஒன்றுக்கு 0.1 அம்பியர் கிட்டத்தான் வேணும். மீட்டர் பல்புக்குள்ளால வர்ற கசிவே அதை எரிக்கப் போதும். அதால நாலும் அடிக்குது. வோல்ட்டில பெரும் பங்கை எல்இடி பிடிச்சுக்கொள்றதால மீட்டர் பல்புக்கு மிச்சம் கொஞ்சம்தான். நீங்க பார்த்த சிவந்த இழை அதுதான்.

வழி: 1என்4007 டயோட் ரெண்டு. டயோட் என்றா கரண்டை ஒரு பக்கமா மட்டும் போக விடுறது. ரேடியோ ரிப்பேர் கடை எதிலும் கிடைக்கும், ஒரு அம்பியர் தாங்கும், இந்த வேலைக்குத் தாராளம். ஒவ்வொரு டயோட்டிலும் ஒரு நுனியில வெள்ளிக் கோடு இருக்கும். ரெண்டு டயோட்டின் கோடுள்ள கால்களையும் ஒன்றாச் சேர்த்து முறுக்கி, அதில மீட்டர் பல்பின் ஒரு வயரைப் பிடிங்க. கோடு இல்லாத கால் ஒன்று ஒரேஞ்சுக்கு, மற்றது லைட் ப்ளூவுக்கு. மீட்டர் பல்பின் ரெண்டாவது வயரை இனிப் பச்சைக்கு, அதாவது எர்த்துக்குக் கொடுங்க. முடிஞ்சுது. இப்ப எந்தப் பக்கம் போட்டாலும் கரண்ட் டயோட்டுக்குள்ளால மீட்டருக்கு வரும், மீட்டரில இருந்து மற்றப் பக்கத்துக்குத் திரும்பிப் போக ஏலாது.

ஈயம் பிடிக்கும்போது காலை உடம்போட ஒட்டி வளைக்காதீங்க. குறட்டால காலைப் பிடிச்சு, அதுக்கு அப்பால வளைங்க, இல்லாட்டி உடம்பு வெடிக்கும். ஈயக்கோலை மூணு செக்கனுக்கு மேல வைக்க வேண்டாம். ஒவ்வொரு டயோட்டுக்கும் தனித்தனி ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினா சுருங்கிற குழாய்), பிறகு ரெண்டையும் சேர்த்துப் பெரிசா ஒன்று. ஹெட்லைட் சட்டிக்குள்ள வெறும் கால் தட்டுப்பட்டா பியூஸ் போகும்.

பதுளை_ரைடர் எழுதியது:

இவ்வளவு சிரமம் வேணாம் மச்சான். 10 ஓம் 10 வாட் வெள்ளைக் கல் ரெசிஸ்டர் நாலு வாங்கி ஒவ்வொரு சிக்னலுக்கும் குறுக்கே போடு. நாலும் அடிக்கிறது நிற்கும். பழைய பிளாஷரையே திரும்பப் போடலாம்.

வயர்கட்டு எழுதியது:

நிற்கும் என்பது உண்மைதான், பொய் சொல்லல. ரெசிஸ்டர் போட்டா எரியாத பக்கத்தின் எதிர்ப்புத் திரும்பவும் பல்ப் மாதிரியே தாழ்ந்து நிற்கும், கசிவு அதுக்குள்ளால இறங்கிப் போயிடும். கசிவை நிறுத்த மட்டும் என்றா பக்கத்துக்கு ஒன்றே போதும், நாலு தேவையில்ல.

ஆனா கணக்கைப் பாருங்க. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட். 14-ஐ 10-ஆல வகுத்தா 1.4 அம்பியர், வாட்டில சொன்னா 20-க்குக் கிட்ட. 10 வாட் கல்லுக்கு 20 வாட். பாதி நேரம் அணைஞ்சிருக்கிறதால சராசரி 10 வருது, அதாவது எந்த நேரமும் அதன் எல்லையிலேயே நிற்குது. சந்தியில ஒரு நிமிசம் சிக்னல் போட்டு நின்றா தொட ஏலாத சூடு. அதைச் சீட்டுக்கு அடியில வயர் கட்டோட சேர்த்து டேப் சுத்தி வைக்கிறாங்க பாருங்க, அங்கதான் வயர் உருகுது. பிளாஷர் சுமை கேட்டு அடம்பிடிச்சா 15 ஓம் 25 வாட் அலுமினியக் கூடு வச்சது வாங்கி, இரும்புத் தகட்டில ஸ்குரூ போட்டு இறுக்குங்க, பிளாஸ்டிக்கில வைக்க வேண்டாம். கொட்டகலைத் தம்பியிட்ட ஏற்கெனவே எல்இடி பிளாஷர் இருக்கு, அவருக்கு இது ஒன்றும் வேணாம்.

பழைய பிளாஷர் ஏன் அடிக்கல என்றதும் இதே கணக்குத்தான். உள்ளே ஈருலோகத் தகடு. ரெண்டு 10 வாட் பல்பின் 1.7 அம்பியர் ஓடினாத்தான் அது சூடாகி வளைஞ்சு தொடர்பை விடும். 0.2 அம்பியருக்கு அது அசையாது.

நானுஓயா_பனி எழுதியது:

நாலும் அடிச்சா பனிக்கு நல்லதுதானே, எதுக்கு நிப்பாட்டுறீங்க :) பகிடிதான். ஆனா ரதல்ல பக்கம் இறங்கும்போது எல்லா வாகனமும் நாலையும் போட்டுக்கிட்டுத்தான் வருது. இதோட சேர்த்து ஹசார்ட் சுவிச் ஒன்றும் வைக்க ஏலுமா?

வயர்கட்டு எழுதியது:

ஏலும். ரெண்டு முனைச் சுவிச் வேணும், ஆறு கால் உள்ளது. நடுக்கால் ரெண்டையும் சேர்த்து, பிளாஷரில இருந்து வர்ற சாம்பல் வயருக்குக் கொடுங்க. ஒரு பக்கக் கால் ரெண்டில ஒன்று ஒரேஞ்சுக்கு, மற்றது லைட் ப்ளூவுக்கு. மிச்ச ரெண்டு கால் சும்மா இருக்கட்டும். ஒற்றை முனைச் சுவிச்சை வாங்கி ஒரேஞ்சையும் லைட் ப்ளூவையும் ஒரே காலில கட்டிட்டு, 'இப்ப சுவிச் போடாமலே நாலும் அடிக்குது' என்று வந்து நிற்கக்கூடாது.

ஓடிக்கிட்டு இருக்கும்போது நாலையும் போடுறதில எனக்கு உடன்பாடு இல்ல. பின்னால வாறவனுக்கு நீங்க நிற்கிறீங்களா, போறீங்களா, வலது திரும்புறீங்களா என்று ஒன்றும் விளங்காது. நாலும் அடிக்கும்போது திரும்புற சிக்னலுக்கு அர்த்தமே இல்ல. பனிக்குள்ள டிம்மில ஹெட்லைட், நல்ல டெயில் லைட், அது போதும். ஹசார்ட் ஓரத்தில நிறுத்தும்போது போடுறதுக்கு.

லிந்துலை_கராஜ் எழுதியது:

கேள்வி கேட்டவர் கேட்காத ரெண்டு விஷயம். டயோட் போட்ட பிறகு அடுத்ததா வரப்போறது எர்த் பிரச்சினை, இப்பவே பார்த்துக்கொள்ளுங்க.

பழைய சிக்னலுக்குத் தண்டு இரும்பு. பல வண்டியில எர்த் தண்டு வழியா பாடிக்குப் போகும். புதுசுக்குத் தண்டு ரப்பர், எர்த் அந்தக் கறுப்பு வயர்தான். அதைப் பக்கத்தில உள்ள ஏதாவது ஒரு போல்ட்டுக்குக் கீழ செருகி விடுறாங்க. மட்கார்டை வெட்டி வெல்டிங் பிடிச்ச பிறகு சட்டம் முழுக்க பெயின்ட் அடிச்சிருப்பீங்க, பவுடர் கோட்டிங் என்றா இன்னும் தடிப்பு. அந்த போல்ட்டுக்கு எர்த்தே இருக்காது, இருந்தாலும் ஒரு மழைக்குத் துருவேறி விட்டுடும். நாலு கறுப்பையும் தனித்தனியாக் கொண்டு வந்து ஹார்னஸின் பச்சைக்கே கொடுங்க. முன்னுக்கு ஹெட்லைட் சட்டிக்குள்ள பச்சை இருக்கு, பின்னுக்கு டெயில் லைட்டுக்குப் போற பச்சை இருக்கு. கவனம்: சீன சிக்னல் சிலதில கறுப்புத்தான் பிளஸ். ஹொண்டா ஹார்னஸிலும் கறுப்பு என்றா சாவி போட்டதும் 12 வோல்ட் வர்ற பிளஸ் வயர். கறுப்பைக் கண்டதும் எர்த் என்று நினைச்சுப் பாடியில வச்சா பியூஸ் போகும். சிக்னலைப் பொருத்த முதல் பெட்டரியில தொட்டுப் பாருங்க. எல்இடி தலைகீழாக் கொடுத்தா சும்மா எரியாமக் கிடக்கும். ஒரு செக்கன் தொட்டுப் பார்க்கிறதால கெட்டுப் போகாது.

ரெண்டாவது, டெயில் லைட்டோடயே சிக்னலும் சேர்ந்த ஒற்றை யுனிட் போடுறவங்களுக்கு. அதில எர்த் ஒரே வயர். அது விட்டா பிரேக் பிடிக்கும்போது சிக்னல் மங்கலா எரியும், சிக்னல் போட்டா டெயில் லைட் துடிக்கும். கரண்ட் இறங்க வழியில்லாம மற்ற லைட்டுக்குள்ளால வழி தேடுது. அதைக் கண்டு பிளாஷரை மாத்தாதீங்க, எர்த்தைப் பாருங்க.

வயர் 0.5 சதுர மில்லிமீட்டர் போதும், எல்இடிக்கு அதுவே கூட. பிளாஷருக்கு வர்ற கறுப்பில 5 அம்பியர் பியூஸ் ஒன்று தனியாப் போட்டா, சிக்னல் வயர் எங்கயாவது உரசிச் சோட் ஆனாலும் வண்டி நடுவழியில நிற்காது. மூட்டுக்கு ஈயத்தைவிட புல்லட் கிளிப் நல்லம். ஈயம் வயருக்குள்ள ஊறி ஏறி, ஊறின இடம் கம்பி மாதிரி விறைச்சுடும். சீடியின் நடுக்கத்துக்கு விறைச்ச இடமும் மெத்தென்ற இடமும் சந்திக்கிற முனையில இழை ஒவ்வொன்றா அறும். வெளியால பார்த்தா வயர் நல்லா இருக்கும், உள்ளே ஒரு இழையில தொங்கிக்கிட்டு இருக்கும். டயோட் மாதிரி ஈயம் தவிர்க்க ஏலாத இடத்தில மூட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரு அங்குலம் ஸ்லீவ் போட்டு, கேபிள் டையால கட்டி அசையாம வையுங்க. ஸ்டியரிங் தலைக்கிட்ட வயரை இழுத்துக் கட்டாதீங்க. ஹேண்டில ரெண்டு பக்கமும் முட்ட முட்டத் திருப்பி, எங்கயும் இறுகாம இருக்கா என்று பார்த்துத்தான் டை போடணும்.

நம்ம பக்கத்து ஈரத்துக்கு டேப் மட்டும் போதாது. இங்க மழை பெய்து விடுறதில்ல, மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் காற்றோட சேர்ந்து ஊறிக்கிட்டே இருக்கும். டேப்புக்குள்ள போன தண்ணி வெளிய வராது. ரெண்டு மாசத்தில செம்பு பச்சைத் தூளாகும். உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் வாங்குங்க, சூடு காட்டினா நுனியில பசை பிதுங்கி வரும். கிளிப்புக்குள்ள ஒரு பொட்டு வாஸ்லின். வயர் யுனிட்டுக்குள்ள நுழைய முதல் ஒரு வளைவு கீழ தொங்கட்டும், தண்ணி வயரைப் பிடிச்சு ஓடி வந்து அந்த வளைவில சொட்டிப் போகும். சின்ன சிக்னலின் கண்ணாடி மூட்டிலும் தண்ணி ஏறும். அடிப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் ஓட்டை போட்டு விட்டா ஏறினது இறங்கும், முழுக்க சிலிக்கன் பூசி அடைச்சா உள்ளேயே வேர்த்து நிற்கும்.

பண்டாரவளை_125 எழுதியது:

நிறம் பற்றி ஒரு சந்தேகம். என்னுடையது சுசுகி ஜிஎன் 125. ஒரேஞ்ச் இடது என்று எழுதியிருக்கீங்க. எங்களுக்கும் அதேதானா?

லிந்துலை_கராஜ் எழுதியது:

இல்ல, அப்படிக் கொடுத்திடாதீங்க. சுசுகியில ஒரேஞ்ச் என்றா சாவி போட்டதும் கரண்ட் வர்ற வயர். இடது கறுப்பு, வலது இளம் பச்சை, பிளாஷரில இருந்து சுவிச்சுக்கு லைட் ப்ளூ, எர்த் கறுப்பில வெள்ளைக் கோடு. யமஹாவில இடது சொக்லட் நிறம், வலது கடும் பச்சை, எர்த் கறுப்பு, சாவி வயர் பிரவுன். ஹொண்டாவில இடது ஒரேஞ்ச், வலது லைட் ப்ளூ, பிளாஷரில இருந்து சாம்பல், சாவி வயர் கறுப்பு, எர்த் பச்சை. இது கம்பெனி ஹார்னஸுக்கு மட்டும். நாலு கைமாறின வண்டியில நிறத்தை நம்பாம டெஸ்ட் லாம்ப் பிடிச்சுப் பாருங்க. ஒரு நுனியைப் பெட்டரி மைனஸில வச்சு, மற்றதால தொடுங்க. சாவி போட்டதும் நின்று எரிஞ்சா அது பிளாஷருக்கு வர்ற வயர். சுவிச் இடது போட்டா மட்டும் துடிச்சா இடது.

பஜாஜ், டிவிஎஸ் சின்ன வண்டி வச்சிருக்கிறவங்களுக்கும் ஒரு சொல். அவற்றில பலதில ஹெட்லைட் பெட்டரியில இருந்து வராது, எஞ்சினில கரண்ட் பிறக்கிற மேக்னெட்டில இருந்து நேரா ஏசி கரண்டா வரும். எக்ஸிலேட்டர் முறுக்கினா ஹெட்லைட் வெளிச்சம் கூடுது என்றா அதுதான். எட்டின வயர் என்று அதில இருந்து சிக்னலுக்குக் கரண்ட் எடுத்தா பிளாஷர் பைத்தியம் பிடிச்ச மாதிரி அடிச்சு, பிறகு ஒரேயடியாப் போகும். பெட்டரி வழியா வர்ற சாவி வயரில இருந்தே எடுங்க.

நானுஓயா_பனி எழுதியது:

சிக்னல் எவ்வளவு தூரம் தள்ளி வைக்கணும் என்று யாரும் சொல்லல. நம்பர் பிளேட்டோட ஒட்டிப் போட்டவங்க நிறைய.

வயர்கட்டு எழுதியது:

ஐரோப்பிய ஈசிஈ விதியில ஒளிரும் முகத்துக்கும் ஒளிரும் முகத்துக்கும் இடையில முன்னுக்குக் குறைஞ்சது 240 மில்லிமீட்டர், பின்னுக்கு 180. தரையில இருந்து 350-க்குக் குறையாம, 1200-க்கு மிஞ்சாம. நிமிசத்துக்கு 60-க்கும் 120-க்கும் இடையில அடிக்கணும். 15 செக்கன் எண்ணிப் பாருங்க, 15-க்கும் 30-க்கும் நடுவில வந்தாச் சரி. சில பிளாஷரில வேகம் கூட்டிக் குறைக்கச் சின்ன ஸ்குரூ ஒன்று இருக்கும்.

நம்பர் பிளேட்டோட ஒட்டி வச்சா பகல்லயே இடதா வலதா என்று பிரிச்சறிய ஏலாது. பனிக்குள்ள ரெண்டும் டெயில் லைட்டோட கலந்து ஒரே கலங்கலாத் தெரியும். புகைக் கலர் கண்ணாடி வச்சதை இந்தப் பக்கத்து ரோட்டுக்கு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கடையில ஷோ கேஸுக்குள்ள வடிவாத்தான் இருக்கும். ஒளி மஞ்சளா இருக்கணும். முன்னுக்கு நீலம், சிவப்பு அடிச்சா பொலிஸ் நிப்பாட்டுறதும் நியாயம்தான்.

கொட்டகலை_சீடி எழுதியது:

அண்ணன்மாரே, மீட்டர் வயரைக் கழட்டினதும் இடது மட்டும் அடிச்சுது. டயோட் ரெண்டும் போட்டாச்சு, மீட்டர் பல்ப் ரெண்டு பக்கத்துக்கும் நல்லா எரியுது. பின் எர்த் நீங்க சொன்ன மாதிரியே பெயின்ட்டுக்கு மேலதான் இருந்தது, பச்சைக்கு மாத்தினேன்.

இப்ப ஒன்று மிச்சம். ஹெட்லைட் போட்டு, ஐட்லிங்கில பிரேக்கைப் பிடிச்சா சிக்னல் தடுமாறுது. ஒருக்கா வேகமா அடிக்கும், ஒருக்கா நின்றுடும். பிரேக்கை விட்டா சரி, முறுக்கினாலும் சரி. மல்டிமீட்டர் பிடிச்சேன். எஞ்சின் நிற்கும்போது பெட்டரி 12.5. ஐட்லிங்கில எல்லாம் போட்டு 12.1. முறுக்கினா 13.9. ஆனா பிரேக் பிடிச்ச நேரம் பிளாஷரின் பி காலில, அதாவது கரண்ட் உள்ளே வர்ற காலில, 10.2 தான் காட்டுது. பெட்டரி மாத்தணுமா?

வயர்கட்டு எழுதியது:

பெட்டரியும் சார்ஜிங்கும் நல்லா இருக்கு. பெட்டரியில 12.1, பிளாஷரில 10.2. நடுவில 1.9 வோல்ட்டை யாரோ தின்கிறாங்க. 10 வோல்ட்டுக்குக் கிட்ட இறங்கினா மலிவு பிளாஷர் தடுமாறத்தான் செய்யும்.

ஹெட்லைட், பிரேக் எல்லாம் போட்டபடியே, மல்டிமீட்டரின் சிவப்பு நுனியை பெட்டரி பிளஸ்ஸில வச்சு அசைக்காதீங்க. கறுப்பு நுனியை வரிசையா நாலு இடத்தில வையுங்க: பியூஸுக்கு அப்பால, சாவி சுவிச்சுக்குள்ள போற சிவப்பு, சாவி சுவிச்சில இருந்து வெளிய வர்ற கறுப்பு, பிளாஷரின் பி. எந்த ரெண்டு இடத்துக்கு நடுவில எண் பாயுதோ அங்கதான் கள்ளன். சுமை இல்லாம அளந்தா எல்லாம் பூச்சியம் காட்டி ஏமாத்தும், அதால லைட் எல்லாம் எரியட்டும்.

கொட்டகலை_சீடி எழுதியது:

பியூஸுக்கு அப்பால 0.2. சாவி சிவப்பில 0.3. சாவி கறுப்பில 1.6. பிளாஷரில 1.9.

வயர்கட்டு எழுதியது:

0.3-இல இருந்து 1.6-க்குப் பாயுது. சாவி சுவிச், இல்லாட்டி அதன் கனெக்டர். ஹெட்லைட் 35, பிரேக் 21, டெயில் 5 வாட் என்றா 5 அம்பியர் அதுக்குள்ளால போகுது. 1.3 வோல்ட்டும் 5 அம்பியரும் பெருக்கினா 6.5 வாட் சூடு, ஒரு சின்ன பிளாஸ்டிக் கனெக்டருக்குள்ள. கழட்டிப் பாருங்க, கறுப்பு வயர் நுழையிற இடம் கபிலமாகியிருக்கும்.

கபிலமா இருந்தா அந்தக் காலைத் தேய்ச்சு மட்டும் விடாதீங்க. சூடு கண்ட பித்தளை இறுக்கத்தை இழந்திருக்கும், திரும்பவும் தளரும். ரெண்டு பக்கக் காலையும் வெட்டி, புதுக் கால் அழுத்தி, புதுக் கனெக்டர் கூட்டில ஏத்துங்க. கனெக்டர் சுத்தமா இருந்தா சுவிச்சின் உள் தட்டுத் தேஞ்சிருக்கு. பின்மூடியைக் கழட்டி எமரி பேப்பரால மெல்லத் தடவி, வாஸ்லின் வச்சு மூடலாம்.

கொட்டகலை_சீடி எழுதியது:

கனெக்டர்தான். கறுப்பு வயரின் கால் கபிலமாகி, பிளாஸ்டிக் உருகி ஒரு பக்கம் சரிஞ்சிருந்தது. வெட்டிப் புதுசு போட்டேன். இப்ப சாவி கறுப்பில 0.4, பிளாஷரில 0.7. பிரேக் பிடிச்சாலும் நிமிசத்துக்கு 84 அடிக்குது. ஹெட்லைட்டும் வெளிச்சம் கூடின மாதிரி இருக்கு.

லிந்துலை_கராஜ் எழுதியது:

கூடினது உண்மைதான், ஒரு வோல்ட்டுக்கு மேல திரும்பக் கிடைச்சிருக்கே. மிச்சம் 0.3 கறுப்பு வயரின் மூட்டுகளில இருக்கு, ஹெட்லைட் சட்டிக்குள்ள உள்ள கிளிப்புகளை ஒரு தடவை கழட்டிப் பூட்டுங்க. அப்படியே டயோட் கட்டைச் சட்டியின் மேல் பக்கமாத் தூக்கிக் கட்டிவிடுங்க. சீடி சட்டியில தண்ணி அடியிலதான் தேங்கும்.